சொல்லாத காதலும் இரண்டாகப் பிரிந்த வீடும்: ஒரு கொரியச் சிறுகதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரிய எழுத்தாளர் ஜு யோ-சொப்பின் ‘முன்கட்டு விருந்தாளியும் அம்மாவும்’ கதையை வாசிப்புக் கூட்டங்களில் எடுத்துப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. பாத்திரங்களைப் பற்றியும் கதைக்களத்தைப் பற்றியும் கட்டுரை எழுத உட்காரும் மாணவர்கள் கேட்பதும் அவையே. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். கதையின் முடிவு உட்பட எல்லாம் இங்கே வரும், ஆகவே முதலில் கதையைப் படித்துவிட்டு வருவது நல்லது.

1. இதை எழுதினவர் யாரு? எப்போ வந்த கதை?

ஜு யோ-சொப் 1902-இல் பியாங்யாங்கில் பிறந்தவர், 1972-இல் மறைந்தார். கவிஞர் ஜு யோ-ஹான் இவருடைய அண்ணன். இந்தக் கதை 1935-இல் ‘ஜோக்வாங்’ என்ற மாத இதழில் வெளிவந்தது. தென் கொரியாவில் பள்ளிப் பாடமாகப் பல தலைமுறைகள் படித்த கதை இது.

2. கதையைச் சுருக்கமா சொல்ல முடியுமா?

ஓக்ஹி என்ற சிறுமி சொல்லும் கதை. வீட்டில் அவள், விதவையான அவள் அம்மா, நடுநிலைப் பள்ளியில் படிக்கும் அம்மாவின் தம்பி ஆகிய மூன்று பேர். ஓக்ஹி பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே அப்பா இறந்துவிட்டார். அப்பாவின் பால்ய நண்பர் ஒருவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராக வருகிறார். பெரிய மாமன் ஏற்பாடு செய்ய, இவர்கள் வீட்டு முன்கட்டு அறையில் சாப்பாட்டோடு வாடகைக்குத் தங்குகிறார்.

ஓக்ஹி அவரோடு ஒட்டிக்கொள்கிறாள். அவருக்கு அவித்த முட்டை பிடிக்கும் என்று அவள் வந்து சொன்னதிலிருந்து அம்மா நிறைய முட்டை வாங்க ஆரம்பிக்கிறாள். ஒருநாள் மழலையர் பள்ளியிலிருந்து பூக்களை எடுத்துவந்த ஓக்ஹி, அவர் கொடுத்ததாக அம்மாவிடம் பொய் சொல்லிவிடுகிறாள். அன்று இரவு, கணவர் இறந்த பிறகு திறக்காமலே வைத்திருந்த ஆர்கனை அம்மா திறந்து வாசிக்கிறாள். அப்புறம் அவர் சாப்பாட்டுப் பணத்தோடு ஒரு கடிதம் வைத்து அனுப்புகிறார். அம்மா பல நாள் தவித்து, மடித்த கைக்குட்டைக்குள் ஒரு தாளை வைத்து ஓக்ஹியிடம் கொடுத்தனுப்புகிறாள். அவர் ஊரைவிட்டுப் போகிறார். அம்மாவும் மகளும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏறி, ரயில் கண்ணுக்கு மறையும்வரை பார்க்கிறார்கள். திரும்பி வந்ததும் அம்மா ஆர்கனைப் பூட்டிவிட்டு, உலர்ந்த பூக்களை வெளியே போடச் சொல்கிறாள். முட்டைக்காரி வரும்போது இனிமேல் வேண்டாம், இந்த வீட்டில் முட்டை சாப்பிட ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள்.

3. ஓக்ஹிக்கு ஆறு வயசுன்னு இருக்கே, ஆனா பேச்சு இன்னும் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கே?

கொரியாவின் பழைய கணக்கில் குழந்தை பிறந்தவுடனே ஒரு வயது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று கூடும். ஆகவே கதையில் வரும் ஆறு, நம் கணக்கில் நான்கு அல்லது ஐந்து. அம்மாவுக்குக் கதையில் இருபத்து நான்கு, அதாவது நம் கணக்கில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. (சட்ட, நிர்வாகக் காரியங்களுக்கு உலக வழக்கப்படியான வயதையே பயன்படுத்துவது என்று தென் கொரியா 2023 ஜூனில்தான் ஒழுங்குபடுத்தியது.)

இதைக் கவனிக்காமல் அம்மாவை ஒரு நடுத்தர வயதுப் பெண்ணாக நினைத்துக்கொண்டு படிப்பவர்கள் அதிகம். இருபது வயதுகூட ஆகாத நிலையில் கணவனை இழந்து, அதற்கடுத்த மாதம் பிள்ளை பெற்றவள் அவள். ஓராண்டுகூட நிரம்பாத மணவாழ்க்கை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ஆர்கன் காட்சியின் கனமே வேறு.

4. ‘முன்கட்டு’ன்னா என்ன? அந்த வீடு எப்படி இருக்கும்?

மரபான கொரிய வீட்டில் ஆண்கள் புழங்கவும் விருந்தினரை உட்கார வைக்கவும் வெளிப்புறமாக ஒரு பகுதி இருக்கும். அதற்கு ‘சாராங்’ என்று பெயர். பெண்கள் இருக்கும் உள்பகுதி ‘ஆன்’. பெரிய வீடுகளில் இவை தனித்தனிக் கட்டடங்களாகவே இருக்கும். ஓக்ஹியின் வீடு அவ்வளவு பெரியதில்லை, சாராங் என்பது நடுவில் கதவு வைத்துப் பிரித்த ஒரே ஒரு அறைதான். தம்பி புழங்கிக்கொண்டிருந்த அந்த அறையில் ஒரு பாதி விருந்தாளிக்குக் கிடைக்கிறது. அறை சிறியதானாலும் வெளிப்பக்கம் வேறு, உள்பக்கம் வேறு என்ற ஒழுங்கு அப்படியே இருக்கிறது.

கதைக்களம் பற்றி எழுதுகிறவர்கள் ஊர், மலை, ரயில் என்று தொடங்கிவிடுகிறார்கள். இந்த வீட்டின் இரண்டு பகுதிகளையும் நடுவில் இருக்கும் சில அடித் தூரத்தையும் முதலில் தாளில் ஒரு படமாகப் போட்டுக்கொள்ளுங்கள். யார் எந்தப் பக்கம் போகலாம், யார் போகக்கூடாது என்று குறித்தால் கதை முழுவதும் அந்தப் படத்திலேயே வந்துவிடும். அந்தத் தூரத்தைக் குழந்தையும் தம்பியும் கடக்கலாம். அம்மா கடக்கக் கூடாது, விருந்தாளியும் கடக்கக் கூடாது. பக்கத்து வீடு அம்மாவின் பிறந்த வீடு, பாட்டி அங்கேதான் இருக்கிறாள் என்பதையும் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கறதில்லையே, நம்பற மாதிரியா இருக்கு?

உறவில்லாத ஆணும் பெண்ணும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நடந்துகொள்வது அன்றைய கொரியக் குடும்பங்களில் ஊறிப்போன ஒழுக்கம். இந்தக் கதையே அதை வாய்விட்டுச் சொல்கிறது. விருந்தாளிக்குச் சாப்பாட்டு மேசையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவன் தம்பி. அலுப்பில் ஒருநாள் அவன், அக்காவே கொண்டுபோய் வைத்தால் என்ன, இந்தக் காலத்தில் போய் யார் இப்படி ஒளிந்து நடக்கிறார்கள் என்று முணுமுணுக்கிறான். அம்மாவின் முகம் சிவந்துபோகிறது.

இருவரும் பேசிக்கொள்ளாததால் அவர்களுக்குள் ஒன்றுமே போய்வரவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சாப்பாடு போகிறது, முட்டை போகிறது, பணம் வருகிறது, கடிதம் வருகிறது, கைக்குட்டை போகிறது, சுவர் தாண்டி ஆர்கன் சத்தம் போகிறது. பேச்சு ஒன்றைத் தவிர எல்லாம் நடக்கிற வீடு அது.

6. அம்மா அதிகம் பேசறதே இல்லை. அவங்க குணத்தைப் பத்தி எதை வெச்சு எழுதறது?

கையை வைத்து எழுதலாம். பூவை வாங்கும்போது அவள் விரல் நடுங்குகிறது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மகளை எச்சரிக்கிறாள், ஆனால் பூவைத் தூக்கிப் போடவில்லை. ஆர்கன் மேல் குவளையில் வைக்கிறாள். வாடியதும் காம்பை நறுக்கிவிட்டு, ஞானப்பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில் வைத்துக் காக்கிறாள். வாயால் மறுப்பதும் கையால் ஏற்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. அம்மாவைப் பற்றி இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கதையில் வேறெங்கும் கிடையாது.

இன்னொன்று, அவள் உழைக்கிற பெண். கணவர் விட்டுப்போன நிலத்தில் சாப்பாட்டுக்கு நெல் வந்துவிடும். கறி, மீன், முட்டை, மிட்டாய்க்கெல்லாம் பிறர் துணியைத் தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறாள். அந்த ஊசிக் காசிலிருந்துதான் விருந்தாளிக்கு முட்டை போகிறது. பெட்டிக்குள் இருக்கும் கணவரின் துணிகளை இரவில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைக்கும் இடத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். இறந்தவரை மறந்ததால் வந்த காதல் இல்லை இது. அவள் மனதில் இருவரும் இருக்கிறார்கள், அவளை வதைப்பது அதுதான்.

7. அந்த விருந்தாளி ஒரு கோழைதானே? நேரா வந்து கேட்டிருக்கலாமே?

இப்படிக் கேட்பவர்களுக்கு அவர் யார் என்பதைத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இறந்துபோன கணவரின் நண்பர். அந்த நட்பை நம்பித்தான் ஓர் இளம் விதவை இருக்கும் வீட்டில் அவருக்கு அறை கிடைத்தது. அவரை வீட்டுக்குள் விட்ட அதே உறவு அவர் வாயைக் கட்டிப்போடுகிறது.

ஆனாலும் அவர் ஆசையை மறைக்கத் தெரிந்தவரில்லை. ஓக்ஹியின் கண் அப்பாவைப் போல இருக்கிறது, மூக்கும் வாயும் அம்மாவைப் போலத்தானே, அம்மாவும் உன்னைப் போல அழகாகத்தானே இருப்பார் என்று குழந்தையைத் துருவுகிறார். சரி, வாங்க, அம்மாவைப் பார்க்கப் போகலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தால் பதறிப்போய், எனக்கு வேலை இருக்கிறது என்கிறார். அப்படியொன்றும் வேலை இருக்கிற மாதிரி தெரியவில்லை என்று ஓக்ஹி அப்பாவியாகச் சேர்த்துக்கொள்கிறாள். நீங்களே என் அப்பாவாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் சொல்லும்போது முகம் சிவந்து, அப்படியெல்லாம் பேசக் கூடாது என்கிறார், குரல் நடுங்குகிறது. கடைசியில் கடிதம் எழுதித் தன் பங்குக்கு ஓர் அடி முன்னால் வந்தவரும் அவர்தான். மறுப்பு வந்ததும் வாதாடாமல் விலகிப் போகிறார். இதில் கோழைத்தனத்தைவிட மரியாதையே எனக்கு அதிகம் தெரிகிறது.

8. ஓக்ஹி கதை சொல்ற குழந்தை மட்டும்தானே? அவளுக்கு எதுக்குப் பாத்திர ஆய்வு?

கதையை நகர்த்துவதே அவள்தான். பூ விஷயத்தைப் பாருங்கள். அதற்கு முதல் நாள் அம்மாவைப் பயமுறுத்த நினைத்து அலமாரிக்குள் ஒளிந்த ஓக்ஹி அங்கேயே தூங்கிவிடுகிறாள். பிள்ளையைக் காணோம் என்று வீடே கலங்கிப்போகிறது, அம்மா அழுகிறாள். மறுநாள் அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் ஆசிரியையின் மேசையில் இருந்த பூக்களை எடுத்துக்கொண்டு வருகிறாள். எங்கே கிடைத்தது என்று கேட்டதும், எடுத்துவந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, முன்கட்டு விருந்தாளி கொடுத்தார் என்று சொல்லிவிடுகிறாள்.

விருந்தாளி பூவே கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யால் ஆர்கன் திறக்கிறது, அம்மாவுக்குத் தன் மனமே தெரியவருகிறது. இரண்டு பெரியவர்களும் சொல்லத் தயங்கியதைக் குழந்தை தன் கற்பனையில் சொல்லி முடித்துவிட்டாள். அவளுக்கு அப்பா வேண்டும் என்ற ஏக்கமும் அந்தப் பொய்க்குள் இருக்கிறது. மழலையர் பள்ளித் தோழிகள் தெருவில் அவரோடு அவளைப் பார்த்து, ஓக்ஹி அப்பாவோடு போய்விட்டு வருகிறாள் என்று சொன்ன நாளில் அவளுக்கு அந்த ஏக்கம் பிடித்துக்கொண்டது.

9. குழந்தை சொல்றதை எவ்வளவு தூரம் நம்பறது?

பார்த்ததை நம்புங்கள், காரணத்தை நம்பாதீர்கள். ஓக்ஹியின் கண் கூர்மையானது. முகம் சிவந்தது, விரல் நடுங்கியது, கைக்குட்டைக்குள் தாள் சரசரத்தது என்று எதையும் விடாமல் சொல்வாள். ஏன் என்று சொல்லும்போதுதான் தவறிவிடுவாள். முகம் சிவந்தால் கோபம் என்பது அவள் கணக்கு.

தேவாலயக் காட்சி நல்ல உதாரணம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். விருந்தாளியைக் கண்டு ஓக்ஹி கையை ஆட்டுகிறாள். அவர் முகத்தைத் தாழ்த்திக்கொள்கிறார். அம்மாவிடம் அவர் இருப்பதைச் சொன்னால் அவளும் சிவந்துபோய் இவளைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறாள். எல்லாருக்கும் தன்மேல் கோபம் என்று ஓக்ஹிக்கு அழுகை வந்துவிடுகிறது. அங்கே உண்மையில் என்ன நடந்தது என்பது அவளைத் தவிர எல்லா வாசகருக்கும் தெரியும். கட்டுரை எழுதும்போது ‘ஓக்ஹி கண்டது’, ‘ஓக்ஹி நினைத்தது’ என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

முகத்தின் நிறத்தையும் தொடர்ந்து கவனியுங்கள். கதையின் முற்பகுதியில் இருவர் முகமும் சிவக்கும். கைக்குட்டையை வாங்கியதும் அவர் முகம் வெளுக்கிறது. கடைசிப் பத்தியில் அம்மாவின் முகம் அப்படியே வெளுத்திருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று ஓக்ஹி நினைத்துக்கொள்கிறாள்.

10. முட்டை காதலோட குறியீடுன்னு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தினால் கதையில் பாதி கைநழுவிவிடும். முட்டை எங்கிருந்து வந்தது, யார் காசு, எத்தனை, யார் சாப்பிட்டார்கள் என்று பின்தொடருங்கள். தையல் காசில் முட்டைக்காரியிடம் பத்து, இருபது என்று வாங்கினாள். அவருக்குப் பிடிக்கும் என்று நேரடியாக அவளிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, பிள்ளை வந்து சொன்ன ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஓக்ஹிக்கும் முட்டை என்றால் உயிர், அதனால் அவள் பாடு கொண்டாட்டம். அவர் கிளம்பும் நாளில் மிச்சமிருந்த ஆறு முட்டையையும் அவித்து, உப்பும் வைத்துக் கட்டிக் கொடுத்தனுப்புகிறாள் அம்மா. வழிச் சாப்பாடு என்ற பெயரில் யாரும் தவறாக நினைக்க முடியாத விடை அது.

அதனால்தான் கடைசியில் முட்டை சாப்பிட ஆள் இல்லை என்று அவள் சொல்வது அவ்வளவு தைக்கிறது. சாப்பிட ஆள் பக்கத்திலேயே நிற்கிறாள். அம்மா பொய் சொல்கிறாளே என்று ஓக்ஹி தன் பொம்மையின் காதில் கிசுகிசுக்கிறாள். அந்தப் பொம்மையும் அவர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதுதான்.

11. ஆர்கனுக்கும் இதே மாதிரிதானா?

ஆர்கனுக்குத் தனிப் பாதை இருக்கிறது. காலால் மிதித்து வாசிக்கும் அந்த ஆர்கனை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவர் இறந்துபோன கணவர். அவர் போனதிலிருந்து மூடியைத் திறக்கவே இல்லை. ஆகவே அதைத் திறந்து வாசிப்பது வேறொருவரை நினைத்து, ஆனால் கணவர் கொடுத்த பொருளில். வாசித்துக்கொண்டே பாடுகிறாள், பாட்டு பாதியில் நின்று அழுகையாகிவிடுகிறது. யாரும் தூக்கிக்கொண்டு போகாமலே வீட்டின் எல்லையைத் தாண்டக் கூடிய ஒரே பொருள் சத்தம் என்பதையும் கவனிக்க வேண்டும். முன்கட்டில் இருப்பவருக்கு அது கேட்காமல் இருக்காது. அவர் போன பிறகு அதைப் பூட்டி, பழையபடி தையல் கூடையை மேலே வைத்துவிடுகிறாள்.

12. தம்பி பாத்திரம் இல்லேன்னாலும் கதை நடக்கும் இல்லையா?

நடக்காது. சாப்பாட்டைக் கொண்டுபோக அவன் இருப்பதால்தான் அம்மா கண்ணில் படாமல் விருந்தாளி அந்த வீட்டில் தங்க முடிகிறது. இந்த ஒழுக்கமெல்லாம் பழசாகிவிட்டது என்று சொல்லும் புதிய தலைமுறைக் குரலும் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான் (5-ஆம் பதில்). அப்படிச் சொல்ல அவனுக்குச் சுலபம், பேர் கெட்டால் அவன் பேர் கெடப்போவதில்லை.

13. ஊர்ல ஒருத்தர்கூட அம்மாவை எதுவும் சொல்லலையே? பின்னே எதுக்கு அவ்வளவு பயம்?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். கொரியாவை முன்பு ஆண்ட ஜோசான் அரசில் செங்ஜோங் மன்னர் காலத்தில், 1477-இல், மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் மகன்களுக்கு அரசுப் பதவி கிடையாது என்று முடிவானது. 1485-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பிலும் அது ஏறியது. தண்டனை யாருக்கு என்று பாருங்கள், பிள்ளைகளுக்கு. விதவை மறுமணம் செய்துகொள்வது அவரவர் விருப்பம் என்று 1894-ஆம் ஆண்டின் சீர்திருத்தம் அறிவித்தது. கதை வெளிவந்தபோது அந்த அறிவிப்புக்கு நாற்பது வயது ஆகிவிட்டது.

இப்போது அம்மா ஓக்ஹியிடம் சொல்வதைப் படியுங்கள். உனக்குப் புது அப்பா வந்தால் உலகம் திட்டும், அம்மாவைக் கெட்டவள் என்று சொல்லும், உனக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகாது, நீ படித்துப் பெரிய ஆளானாலும் அவள் மகள்தானே என்பார்கள் என்கிறாள். சட்டம் போன பிறகும், பிள்ளையைத் தண்டிப்பார்கள் என்ற பழைய பயம் வார்த்தைக்கு வார்த்தை அவளிடம் உயிரோடு இருக்கிறது. ஊரார் யாரும் வந்து பேச வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் என்ன பேசுவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். கதைக்களம் என்றால் இடமும் காலமும் என்று எழுதுகிறோமே, இங்கே காலம் என்பது 1935 மட்டும் இல்லை, 1477-உம் சேர்ந்ததுதான்.

14. கிறிஸ்தவக் குடும்பம்னு தெரியுது. அப்போ மதம்தான் தடையா?

இல்லை என்றே நினைக்கிறேன். விதவை மறுமணத்தைப் புராட்டஸ்டண்ட் திருச்சபை பாவம் என்று சொல்லவில்லை. அன்றைய கொரியத் தேவாலயங்கள் ஆண் பெண் பிரிவை ஊரிலிருந்து அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டன. கிம்ஜே பகுதியில் 1908-இல் கட்டிய கும்சான் தேவாலயம் இன்றும் இருக்கிறது. ஒரு கைக்கு ஆண்கள், மறு கைக்குப் பெண்கள் என்று, இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி முழங்கை மடக்கிய வடிவில் கட்டியது அது.

மதம் அம்மாவுக்குத் தருவது தன் தவிப்பைச் சொல்ல ஒரு மொழி. கடிதம் வந்த இரவில் அவள் பரமண்டல ஜெபம் சொல்கிறாள். ‘எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்’ என்ற இடத்துக்கு வந்ததும் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள், அடுத்த வரி வரவில்லை. பக்கத்தில் படுத்திருந்த ஓக்ஹி மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறாள். காதலிக்கிறேன் என்று அம்மா வாய்விட்டுச் சொன்ன இடம் கதையில் ஒன்று உண்டென்றால், என்னைக் கேட்டால், அந்தத் திக்கல்தான். பூவைப் பத்திரப்படுத்தியதும் ஞானப்பாட்டுப் புத்தகத்தில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

15. ஜப்பான் ஆட்சி நடந்த காலம். அதைப் பத்தி ஒண்ணுமே வரலையே?

நேரடியாக வரவில்லை. 1910 முதல் 1945 வரை நீண்ட அந்த ஆட்சியைக் கதைக்குள் வலிந்து தேட வேண்டாம். அந்தக் காலம் பொருள்களாக உள்ளே இருக்கிறது. மழலையர் பள்ளி, நடுநிலைப் பள்ளி, ஆர்கன், ரயில், ஆசிரியர் வேலை எல்லாம் புதியவை. வீட்டின் உள்பகுதி, வெளிப்பகுதி என்ற ஒழுங்கு பழையது. விருந்தாளியை அந்த ஊருக்குக் கொண்டுவந்தது புதிய பள்ளிக்கூடம், அவரைக் கொண்டுபோனது புதிய ரயில். நடுவில் இருக்கும் வீடு மட்டும் மாறவில்லை.

16. கடிதத்துல என்னதான் எழுதியிருந்தார்? அம்மா என்ன பதில் எழுதினாங்க?

கதை சொல்லவில்லை. ஓக்ஹி அதைப் படிக்கவில்லை, ஆகவே நமக்கும் தெரியாது. அவர் திருமணத்துக்குக் கேட்டிருப்பார், அவள் முடியாது என்று எழுதியிருப்பாள் என்று பின்னால் நடப்பதை வைத்து ஊகிக்கலாம். ஊகம் என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

அதைவிட உருப்படியான வழி, கடிதம் எதில் வந்தது, பதில் எதில் போனது என்று பார்ப்பது. அவருடையது சாப்பாட்டுப் பண உறைக்குள் வந்தது. அவளுடையது வெள்ளைக் கைக்குட்டைக்குள் போனது. வழியில் யாராவது பார்த்திருந்தால்கூட ஒன்று கணக்கு வழக்கு, இன்னொன்று வெளுத்த துணி.

17. சினிமாவா வந்திருக்காமே, அதைப் பார்த்தா போதாதா?

1961-இல் ஷின் சாங்-ஓக் இயக்கத்தில், சோய் யூன்-ஹீ அம்மாவாக நடித்து வந்தது. அருமையான படம், பாருங்கள். ஆனால் கதைக்குப் பதிலாக அதை வைத்து எழுத முடியாது. படத்தில் வீட்டுக்குள்ளேயே மாமியார் இருக்கிறார், வேலைக்காரப் பெண்ணுக்கும் முட்டை விற்பவருக்கும் ஒரு தனிக் காதல் இருக்கிறது. மாமியார் வந்தவுடன் தடை வெளியில் இருந்து வருவதாகிவிடுகிறது. கதையில் அம்மாவின் தலைக்குமேல் நின்று கட்டளை போட யாருமில்லை. 13-ஆம் பதிலில் சொன்ன பயம் முழுக்க அவளுக்குள்ளேயே இருக்கிறது.

18. கடைசியில அம்மா எடுத்த முடிவு தியாகமா, தோல்வியா?

இரண்டு சொல்லும் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. தியாகம் என்றால் அவள் மனநிறைவோடு இருக்க வேண்டும், அந்த வெளுத்த முகம் அதை மறுக்கிறது. தோல்வி என்றால் அவள் முயன்று முடியாமல் போயிருக்க வேண்டும். அவள் முடிவெடுத்திருக்கிறாள், அதை ஒவ்வொரு படியாகத் தானே நிறைவேற்றுகிறாள்: கைக்குட்டையைக் கொடுத்தனுப்புகிறாள், முட்டையை அவிக்கிறாள், குன்றில் ஏறிப் பார்க்கிறாள், ஆர்கனைப் பூட்டுகிறாள், பூவைக் கொட்டச் சொல்கிறாள். அத்தனையும் ஒரே பிற்பகலுக்குள் நடக்காவிட்டாலும் ஒரே கையால் நடக்கிறது. கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று நாம் பரிதாபப்பட்டு நிறுத்திக்கொண்டால் அவளுடைய இந்த உறுதியைப் பார்க்காமல் போய்விடுவோம். அந்த உறுதிக்கு அவள் கொடுத்த விலை அநியாயமானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

19. இவ்வளவு பெரிய விஷயத்தை எதுக்கு ஒரு சின்னப் பொண்ணு வாயால சொல்ல வைக்கணும்?

புரியாத குழந்தை சொல்வதால் வாசகர் கூடுதலாகப் புரிந்துகொள்கிறார் என்பது வழக்கமான பதில், 9-ஆம் பதிலில் நானும் அதையே சொல்லியிருக்கிறேன். அதற்கு மேலும் ஒன்று உண்டு. இந்த வீட்டில் நடந்ததை வேறு யார் சொல்லியிருக்க முடியும் என்று ஒவ்வொருவராக வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னால் அதில் கவலையும் கண்டிப்பும் வந்துவிடும். தம்பி சொன்னால் கேலியாகிவிடும். ஊரார் யாராவது சொன்னால் வம்பாகிவிடும். ஒரு விதவையும் வீட்டில் தங்கியிருந்த ஆணும் என்று பெரியவர் எவர் வாயைத் திறந்தாலும், அம்மா எதற்குப் பயந்தாளோ அந்தப் பேச்சாகவே அது ஆகிவிடும்.

ஓக்ஹி ஒருத்திக்குத்தான் அந்தப் பேச்சு இன்னும் பழகவில்லை. அம்மாவின் முகம் சிவந்ததை அவளால் பழி இல்லாமல் சொல்ல முடிகிறது. அம்மா உலகத்திலேயே அழகு என்று முதல் பத்தியிலேயே அறிவித்துவிட்டு, அந்த அன்பு மாறாமலே கடைசி வரி வரைக்கும் சொல்லிக்கொண்டு போகிறாள். ‘இந்த வருஷம் எனக்கு ஆறு வயது’ என்று தொடங்குவதால், வளர்ந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளவும் வழியில்லை. அம்மாவைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பது தெரிய வரும் முன்பே அவள் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறாள்.